படகைத் தடுப்பதா, கரையைத் தடுப்பதா?

2020 ஏப்ரல் 9 அன்று மிச்சிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மர் கொரோனா ஊரடங்கை இறுக்கி ஓர் உத்தரவு போட்டார். அதற்கு மாநில அரசு கொடுத்த விளக்கம் இதுதான்: ஏரியில் கயாக் ஓட்டலாம், கேனோவில் துடுப்புப் போடலாம், பாய்மரப் படகில்கூடப் போகலாம், மோட்டார் படகும் ஜெட் ஸ்கீயும் மட்டும் கூடாது. அதே வாரங்களில் நியூசிலாந்தில் எந்தப் படகும் உல்லாசத்துக்காகத் தண்ணீரில் இறங்க முடியாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பையே நிறுத்தி, அரசின் படகு இறக்கும் இடங்களையும் பூட்டினார்கள். புளோரிடாவின் மயாமி-டேட் கவுன்டியில் மார்ச்சில் பூட்டிய படகுத்துறைகளை ஏப்ரல் 29 அன்று நிபந்தனைகளோடு திறந்துவிட்டார்கள்.

வைரஸ் ஒன்றுதான், விடை நான்கு. அடுத்த தொற்று வரும்போது இதே கேள்வி ஏதாவது ஓர் அதிகாரியின் மேசைக்கு வரும். அப்போது இந்த நான்கில் எதை எடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இடங்களில் படகை விட்டுவிட்டுக் கரையைக் கட்டுப்படுத்துவதே சரி. முழுத் தடைக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் அது குறுகலானது. மோட்டார் இருக்கிறதா இல்லையா என்று பிரிப்பதற்கு எனக்குத் தெரிந்து இடமே இல்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது

நடு ஏரியில் ஒரு குடும்பம் தனியாகத் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களால் யாருக்கும் எதுவும் தொற்றப்போவதில்லை. அந்த இடத்துக்கு அவர்கள் எப்படி வந்தார்கள், அங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலாவது, படகு இறக்கும் சாய்தளம். ட்ரெய்லரோடு வண்டியைப் பின்னால் எடுத்து, படகைத் தண்ணீரில் நழுவவிட்டு, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வர வேண்டும். நல்ல வெயிலடிக்கும் சனிக்கிழமை என்றால் வரிசை நிற்கும். கயிற்றைப் பிடித்துக்கொள்ள முன்பின் தெரியாத ஒருவர் கைகொடுப்பார். நேற்று எங்கே மீன் கடித்தது என்று பேச்சு ஓடும். இரண்டாவது, வழி. நகரத்திலிருந்து 200 மைல் வடக்கே இருக்கும் ஏரிக்குப் போகிறவர் பெட்ரோல் போடுவார், ஊர்க் கடையில் ஐஸும் தூண்டில் புழுவும் வாங்குவார். அந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு சின்ன மருத்துவமனை. மூன்றாவது, மணல் திட்டு. இடுப்பளவு தண்ணீரில் படகோடு படகைக் கட்டிப்போட்டுப் பாட்டு வைத்து ஆடுவார்கள். நான்காவது, மீட்பு. படகு கவிழ்ந்தால் அதில் இருந்தவரைத் தூக்கிவருகிறவர்களுக்கு ஆறடி இடைவெளி என்ற பேச்சே இல்லை.

மூன்றாவதுக்கு மிச்சிகனே சாட்சி. 2020 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு டார்ச் ஏரியின் மணல் திட்டில் பெருங்கூட்டம் கூடியது. அதில் கலந்துகொண்ட சிலருக்குத் தொற்று உறுதியாகிவிட்டது, வந்திருந்த மற்றவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சில நாட்களில் அந்த வட்டார சுகாதாரத் துறை எச்சரிக்க வேண்டியிருந்தது. மே மாத இறுதியில் மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரியிலிருந்து நாடு முழுக்கச் சுற்றிய வீடியோவும் நினைவிருக்கலாம். அதில் கூட்டம் நெருக்கியடித்தது ஏரிக்குள் இல்லை, கரையோர மதுக்கூடத்தின் நீச்சல் குளத்தில்.

நான்காவதை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2019-இல் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 613 பேர். 2020-இல் 767 பேர். ஒரே ஆண்டில் கால் பங்கு கூடியது. சினிமா இல்லை, விமானப் பயணம் இல்லை, கையில் கொஞ்சம் காசும் மிஞ்சியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் புதிய படகு விற்பனை பத்தாண்டுக்கும் மேல் காணாத உயரத்துக்குப் போனது. புதிதாக வாங்கியவர்களில் பலருக்கு ஓட்டிப் பழக்கம் குறைவு. ஆக, தொற்றுக் காலத்தில் படகு பற்றி முடிவெடுப்பவர் கிருமியை மட்டும் கணக்கில் வைத்தால் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறார்.

நியூசிலாந்து: யாரும் இறங்க வேண்டாம்

2020 மார்ச் 25 நள்ளிரவோடு நியூசிலாந்து மிகக் கடுமையான நான்காம் நிலை ஊரடங்குக்குப் போனது. ஏப்ரல் 3 அன்று சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் ஆஷ்லி புளூம்ஃபீல்ட் பிறப்பித்த ஆணை வெளிப்படையாகவே சொன்னது: நீச்சல், அலைச்சறுக்கு, படகு, வேட்டை, மலைநடை எனப் பங்கேற்பவரை ஆபத்தில் தள்ளக்கூடிய, தேடுதல் மீட்புப் பணியை வரவழைக்கக்கூடிய எதுவும் கூடாது.

இந்த ஆணையில் எனக்குப் பிடித்தது அதன் காரணம். ‘படகில் வைரஸ் பரவும்’ என்று அது சொல்லவில்லை. உன்னைத் தேடி இன்னொருவர் வர நேரும் காரியத்தை இப்போது செய்யாதே என்றது. அந்நாட்டில் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் கோஸ்ட்கார்டு அமைப்பு ஓர் அறக்கட்டளை. படகில் ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒரு குழுவில் ஒருவருக்குத் தொற்று வந்தாலே குழு முழுவதும் இரண்டு வாரம் முடங்கும். அந்தக் கரையில் அப்புறம் யார் போவது? இந்தக் காரணத்தை ஒரு மீனவரிடமும் சொல்லலாம், பத்து வயதுப் பிள்ளையிடமும் சொல்லலாம், இருவரும் புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு வசதி, விதி தெளிவாக இருந்தது. அந்நாட்டு சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க் ஊரடங்கின்போது குடும்பத்தோடு 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடற்கரைக்கு வண்டி ஓட்டிப் போனது வெளியே வந்ததும், அது மீறலா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. அவரே தன்னை முட்டாள் என்று சொல்லிக்கொண்டார். ஏப்ரல் 7 அன்று அமைச்சரவையில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டார்.

இதன் விலை என்ன? நீளம். ஏப்ரல் இறுதியில் மூன்றாம் நிலைக்கு இறங்கியபோது கரையில் நின்று தூண்டில் போடவும், பழக்கமுள்ளவர்கள் அலைச்சறுக்கவும் விட்டார்கள். படகுக்கு அப்போதும் அனுமதி இல்லை. மே 13 நள்ளிரவில் இரண்டாம் நிலை வந்த பிறகுதான் படகுகள் இறங்கின. ஏழு வாரம். தொற்றைத் தீவின் எல்லையிலேயே நிறுத்தி ஒழித்துவிடலாம் என்று நம்பிக்கையோடு இறங்கிய நாட்டுக்கு, முடிவு கண்ணுக்குத் தெரிந்ததால், அந்த ஏழு வாரத்தைத் தாங்க முடிந்தது. எல்லை திறந்தே கிடக்கும் ஓர் இடத்தில், ஒரு மாவட்டமோ மாநிலமோ மட்டும் தனியாக இதைச் செய்தால், முடிவு எப்போது என்று சொல்லவே முடியாது. பக்கத்து மாநில ஏரிக்கு வண்டியைக் கட்டிவிடுவார்கள்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. 2020 ஆகஸ்ட் 19 அன்று அந்நாட்டு உயர் நீதிமன்றம், மார்ச் 26 முதல் ஏப்ரல் 3 வரை மக்களை வீட்டில் இருக்கச் சொன்னது தேவையானதுதான், நியாயமானதுதான், ஆனால் அந்த ஒன்பது நாட்களும் அதற்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. தொலைக்காட்சியில் அறிவித்தது முதலில், ஆணை பிறகு. முழுத் தடை போடுகிறவர் ஒலிவாங்கிக்கு முன் நிற்பதற்கு முன்பே ஆணையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மிச்சிகன்: மோட்டார் மட்டும் வேண்டாம்

மிச்சிகனில் 11,000-க்கும் மேற்பட்ட உள்நாட்டு ஏரிகள். போதாததற்குச் சுற்றிலும் பேரேரிகள். அங்கே படகு பணக்காரர் சமாச்சாரம் மட்டும் இல்லை. கார் ஆலையில் வேலை செய்கிறவர்கூட வீட்டுப் பின்புறம் ட்ரெய்லரில் ஓர் அலுமினியப் படகு வைத்திருப்பார். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது தெரிந்த காட்சி.

உத்தரவு உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம் என்றது. நடை, ஓட்டம், சைக்கிள், கயாக், கேனோ எல்லாம் உடம்பை அசைக்கும் வேலை. மோட்டார் படகில் உட்கார்ந்து போவது அப்படி இல்லை, ஆகவே கூடாது. சொல்லளவில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வைரஸுக்கு யார் கை வலிக்கத் துடுப்புப் போட்டார்கள் என்பது பற்றி அக்கறை இல்லையே. தனியாளாக மோட்டார் படகில் போகும் எழுபது வயதுக்காரருக்குத் தடை. ஒரே சாய்தளத்தில் பத்துப் பேராக வந்து கயாக் இறக்குகிறவர்களுக்கு அனுமதி. துடுப்புப் போட முடியாத முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஏரியே மூடிவிட்டது போலத்தான்.

மீட்புப் பணி என்ற கோணத்தில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஏப்ரலில் மிச்சிகன் ஏரிகளில் பனிக்கட்டி உருகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறும், சில நிமிடங்களில் கை கால் சொன்னபடி கேட்காது. கவிழ வாய்ப்பு அதிகம் எதற்கு? குறுகலான கயாக்குக்கும் கேனோவுக்கும்தான். அகலமான மோட்டார் படகை நிறுத்திவைத்து, கவிழக்கூடியதற்கு அனுமதி கொடுத்தது அந்த விதி. நியூசிலாந்து சொன்ன காரணத்துக்கு நேர் எதிர்த் திசை.

இந்தப் பிரிவினைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கயாக்கில் போய் யாரும் பார்ட்டி வைப்பதில்லை. மணல் திட்டில் கூடும் கூட்டம் பெரும்பாலும் தட்டையான தளம் கொண்ட பான்டூன் படகுகளிலும் வேகப் படகுகளிலும்தான் வருகிறது. மோட்டாரைத் தடுத்தால் அந்தக் கூட்டமும் நிற்கும், தூரத்து ஊர்களுக்கு ட்ரெய்லரை இழுத்துப் போவதும் குறையும். உண்மைதான். ஆனால் தூரப் பயணத்தை அதே உத்தரவின் வேறொரு பிரிவு, வடக்கே இருக்கும் விடுமுறை வீடுகளுக்குப் போகக் கூடாது என்று, ஏற்கெனவே தடுத்துவிட்டது. அது கசப்பான விதி என்றாலும், ஏன் என்று கேட்டால் பதில் இருந்தது. மணல் திட்டுக் கும்மாளம் ஏப்ரல் குளிரில் எப்படியும் நடக்காது. மிச்சமிருந்த வேலைக்கு மோட்டார் தடை தேவைப்படவில்லை.

விளைவு என்ன ஆனது? ஏப்ரல் 15 அன்று தலைநகர் லான்சிங்கில் வண்டிகளால் சாலையை அடைத்துப் போராட்டம் நடந்தது. பெரிய கடைகளில் தோட்டப் பொருள் பகுதியை மூடியதும், படகு விதியும் கோபத்துக்குத் தீனி போட்டன. அதே நாளில் வடமேற்கு மிச்சிகனின் நான்கு கவுன்டி ஷெரிஃப்கள், அதாவது அந்தந்த வட்டாரக் காவல் தலைவர்கள், ஆளுநரின் உத்தரவுகளைக் கறாராக அமல்படுத்தப்போவதில்லை என்று கூட்டாக அறிக்கை விட்டார்கள். ஏரியில் ரோந்து போகிறவரே ஷெரிஃபின் ஆள்தான். அவர் கைவிரித்த பிறகு உத்தரவு எதற்கு? ஏப்ரல் 24 அன்று விட்மர் மோட்டார் படகுக்கு அனுமதி கொடுத்தார். மறுநாள், ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை, ட்ரவுட் மீன் பருவம் தொடங்கும் நாள். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மே மாதக் கடைசி நீண்ட வார இறுதியையொட்டி இன்னொரு கூத்து. வடக்கே கூட்டமாகக் கிளம்பாதீர்கள் என்று ஆளுநர் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய கணவர் தங்கள் படகைச் சீக்கிரம் தண்ணீரில் இறக்க முடியுமா என்று ஒரு படகுத்துறைக்காரரிடம் கேட்டது வெளியே வந்தது. அது நகைச்சுவைக்காகச் சொன்னது, எடுபடவில்லை என்று விளக்கம் கொடுத்தார் ஆளுநர். தெளிவான காரணம் உள்ள விதியாக இருந்திருந்தால் இதை ஒரு சறுக்கல் என்று விட்டிருப்பார்கள். காரணமே புரியாத விதியை இரண்டு வாரம் அனுபவித்தவர்கள் இதை விடவில்லை. அக்டோபர் 2 அன்று மாநில உச்ச நீதிமன்றம், ஆளுநர் சார்ந்திருந்த 1945-ஆம் ஆண்டு அவசர அதிகாரச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று சொன்னது தனிக் கதை.

சாய்தளத்தைப் பூட்டுவது

வாஷிங்டன் மாநிலம் மார்ச் 25 இரவிலிருந்து பொழுதுபோக்கு மீன்பிடிப்பை மாநிலம் முழுக்க நிறுத்தியது. மே 5 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. படகு இறக்கும் இடங்களிலும் ஆற்றங்கரைகளிலும் கூட்டம் சேர்ந்ததுதான் காரணம். கடை கண்ணி குறைந்த சிறு ஊர்களில் வெளியூர்க்காரர் வந்து குவிவதும் கவலையாக இருந்தது. மயாமி-டேட் மார்ச்சில் படகுத்துறைகளைப் பூட்டியதும் கூட்டத்துக்காகத்தான்.

இது மோட்டார் பிரிவினையைவிட நேர்மையானது. ஆபத்து இருக்கும் இடத்தில் பூட்டு விழுகிறது. அமல்படுத்துவதும் எளிது; நூறு சதுர மைல் தண்ணீரில் படகுகளைத் துரத்த வேண்டாம், நுழைவாயிலில் ஒரு சங்கிலி போதும்.

ஆனால் ஒரு பெரிய குறை. பொதுச் சாய்தளத்தைப் பூட்டினால் ஏரி மூடப்படுவதில்லை. ட்ரெய்லர்காரர்களுக்கு மட்டும்தான் மூடப்படுகிறது. ஏரிக்கரையில் வீடும் சொந்தத் துறையும் வைத்திருப்பவர் வழக்கம்போல காபிக் கோப்பையோடு படகில் ஏறிப் போவார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு பத்து வருடம் சேர்த்துப் படகு வாங்கியவர் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். தவிர, பத்துச் சாய்தளத்தில் எட்டைப் பூட்டினால் மிச்சம் இரண்டில் ஐந்து மடங்கு நெரிசல். பூட்டினால் அத்தனையையும் பூட்ட வேண்டும். பாதிப் பூட்டு, பூட்டாததைவிட மோசம்.

நிபந்தனையோடு விடுவது

புளோரிடாவின் வனவிலங்கு ஆணையம் சொன்ன அடிப்படை விதி எளிது: ஒரு படகில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, படகுக்கும் படகுக்கும் ஐம்பது அடி இடைவெளி. மயாமி-டேட் ஏப்ரல் 29 அன்று திறந்தபோது, படகின் நீளத்துக்கு ஏற்ப ஆள் கணக்கு வைத்தது. படகோடு படகைக் கட்டுவதையும் மணல் திட்டில் இறங்குவதையும் தடுத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மே 2 முதல் வேறு ஓர் அளவுகோலை வைத்தது: வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் எங்கே வேண்டுமானாலும் படகு ஓட்டலாம். அதே நாட்டில் விக்டோரியா மாநிலம் படகையும் மீன்பிடிப்பையும் மே நடுப்பகுதி வரை முற்றிலும் மூடியே வைத்திருந்தது.

இரண்டு அளவுகோல்களில் எனக்குக் குயின்ஸ்லாந்தின் தூரக் கணக்குதான் அதிகம் பிடிக்கிறது. ஐம்பது அடியை அலை ஆடும் தண்ணீரில் யார் அளப்பது? ஐம்பது கிலோமீட்டரை ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரியே சொல்லிவிடும். வழியில் பெட்ரோல், ஊர்க்கடை, சிற்றூர் மருத்துவமனை என்ற சிக்கல் முழுவதையும் அந்த ஒரு விதி தீர்க்கிறது. புளோரிடாவின் பத்துப் பேர் கணக்கு தளர்வானது. பத்துப் பேர் ஏறிய படகில் கீழ்த்தளத்தில் அறை இருந்தால் அது மூடிய அறைதான். ‘ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மட்டும்’ என்பது இன்னும் இறுக்கமான, சொல்லவும் எளிதான விதி.

படகிலேயே குடியிருப்பவர்கள் எந்த உத்தரவிலும் முதலில் விடுபட்டுப் போகிறவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் இதை நன்றாகக் கையாண்டது. நிரந்தரத் துறை இல்லாத படகுவாசிகள் 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்பது அங்குள்ள வழக்கமான விதி. 2020 மார்ச்சில் அதை நிறுத்திவைத்து, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்றார்கள். தண்ணீர் பிடிக்கவும் கழிவை அகற்றவும் நகர்வதற்கு மட்டும் விலக்கு.

எங்கே எது

புதிய நோய், எப்படிப் பரவுகிறது என்றே தெரியவில்லை, மீட்புப் பணி தன்னார்வலர்களை நம்பியிருக்கிறது, மருத்துவமனைப் படுக்கை விரல்விட்டு எண்ணும் அளவு என்றால், முதல் மூன்று நான்கு வாரத்துக்கு நியூசிலாந்து வழிதான். ஆணையிலேயே முடிவுத் தேதி இருக்க வேண்டும். நீட்டுவதானால் புதிய காரணத்தோடு புதிய ஆணை. குடியிருப்புப் படகுகளுக்கு விலக்கு முதல் நாளே எழுதப்பட வேண்டும்.

அந்த வாரங்கள் கடந்து, திறந்த வெளியில் தொற்று அரிது என்று தெரிந்த பிறகும் முழுத் தடையை இழுப்பதில் பயன் இல்லை. அப்போது சாய்தளங்கள் அனைத்தும் திறந்திருக்கட்டும், ஆனால் ஆள் இல்லாமல் அல்ல. மணிக்கு இத்தனை படகு என்று கணக்கு வைத்து ஒவ்வொன்றாக இறக்க வார இறுதியில் இரண்டு பேர் நிற்க வேண்டும். 50 கிலோமீட்டர் எல்லை, ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மட்டும், கட்டிப்போடக் கூடாது, மணல் திட்டில் இறங்கக் கூடாது. அமெரிக்க விபத்து அறிக்கைகளில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் உயிர்காப்பு அங்கி போடாதவர்கள் என்று ஆண்டுதோறும் வருகிறது. ஆகவே தொற்றுக் காலம் முடியும் வரையாவது படகில் உள்ள அனைவருக்கும் அங்கி கட்டாயம் என்பதையும் இதே உத்தரவில் சேர்த்துவிடலாம். சாய்தளத்தில் நிற்கும் அந்த இரண்டு பேரே பார்த்துக்கொள்வார்கள்.

சொந்தத் துறைகள் நிறைந்த, கோடையில் வெளியூர்க் கூட்டம் மொய்க்கும் ஏரிகளில் மட்டும் இது போதாது. அங்கே சாய்தளத்தில் எத்தனை பேரை நிறுத்தினாலும் பாதிப் படகுகள் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பும். ஜூலை 4 போன்ற மூன்று நான்கு நாட்களுக்கு அந்தத் திட்டைச் சுற்றி மிதவை கட்டி, யாருடைய படகானாலும், எந்தத் துறையிலிருந்து வந்ததானாலும், உள்ளே விடாமல் இருப்பதுதான் வழி. அதற்கு ஷெரிஃபின் சம்மதத்தை மே மாதமே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.